பலெர்மோவில் ஒரு கடிதமும் ஒரு பொய்யும்

புதன்கிழமை, பிற்பகல் இரண்டே முக்கால். புன்டா ராய்சி விமான நிலையத்தின் ஓடுபாதைக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் செங்குத்தான மொட்டைப் பாறை. இறங்குகிற கடைசி நிமிடம்வரை ஜன்னலில் தண்ணீரைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் சிலுவைக்குறி போட்டுக்கொண்டார். நான் சமயபுரத்தாளை நினைத்துக்கொண்டேன்.

அங்கிருந்து பலெர்மோ நகரம் முப்பத்தைந்து கிலோமீட்டர். பேருந்துக்கு ஆறரை யூரோ. சீட்டு வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான் பயம் பிடித்தது. திருச்சியில் ஒரு பெண்கள் கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாக வரலாறு நடத்துகிறேன். வெளிநாட்டுக் கருத்தரங்கு இதுதான் முதல்முறை. இடைக்காலத்துப் பெண்களின் எழுத்து, கல்வி, அதிகாரம் பற்றி மூன்று நாள் பேசப் போகிறார்கள். மறுநாள் முற்பகலில் என் முறை.

தங்க இடம் கொடுத்தவர் ஜெசிந்தா. மன்னாரைச் சேர்ந்தவர், இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பலெர்மோவாசி. என் பழைய மாணவி ஒருத்தி திருச்சி அகதி முகாமில் வளர்ந்தவள். அவளுக்கு இவர் சின்னம்மா முறை. "ஹோட்டலுக்குப் போகாதீங்க மேடம், சின்னம்மா கோவிச்சுக்குவாங்க" என்று அவள்தான் ஏற்பாடு செய்தாள். பொலிதியாமா நிறுத்தத்தில் பேருந்து நின்றபோது, ஒரு கையில் குடையும் இன்னொரு கையில் என் பெயர் எழுதிய அட்டையுமாக ஒருவர் நின்றிருந்தார். என்னைவிட ஐந்தாறு வயது இளையவர். சேலையைப் பார்த்ததுமே அட்டையை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டார்.

"கோமதி அக்காவோ? வாங்கோ, வாங்கோ. களைச்சுப் போனியள்."

நான் பதில் சொல்வதற்குள் பெட்டி அவர் கையில் இருந்தது.

அங்கிருந்து போர்கோ வெக்கியோவுக்கு எட்டு நிமிட நடை. துறைமுகத்தை ஒட்டிய பழைய குடியிருப்பு அது. சந்தின் நடுவில் மீன்கடை, கத்தரிக்காய்க் கூடைகள், பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து யாரையோ திட்டிக்கொண்டிருந்த ஒரு பாட்டையா. ஜெசிந்தா சூடை மீன் அரைக் கிலோ வாங்கினார். விலையை அவர் பேசிக் குறைத்த இத்தாலியப் பேச்சில் மன்னார் இழுப்பு இருந்தது. மீன்காரர் சிரித்துக்கொண்டே இரண்டு மீன் கூடுதலாகப் போட்டார். வீடு மூன்றாம் மாடி, மின்தூக்கி கிடையாது. மகள் கல்யாணமாகிப் பொலோன்யாவில் இருக்கிறாள். அவளுடைய அறை எனக்கு. கணவருக்குச் செஃபலூவில் ஒரு விடுதியில் சமையல் வேலை, வாரத்தில் ஒரு நாள்தான் வருவாராம். ஜெசிந்தா கால்சா என்ற பகுதியில் ஒரு வயதான சிஞ்ஞோராவைப் பார்த்துக்கொள்கிறார். வீட்டு எசமானியை இங்கே நம் ஆட்கள் அந்த இத்தாலியச் சொல்லால்தான் சொல்கிறார்கள்.

மாலை ஆறு மணி. அவர் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் மேசையில் கட்டுரையை விரித்து வைத்திருந்தேன்.

"நாளைக்கு என்ன கதைக்கப் போறியள், அக்கா? எனக்கும் விளங்குமோ?"

சொன்னேன். இந்தப் பலெர்மோவின் ஆவணக் காப்பகத்தில் ஒரு கடிதம் இருக்கிறது. தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன், கணவர் இறந்து மகன் சிறுவனாக இருந்தபோது சிசிலியை ஆண்ட ஒரு சீமாட்டி அனுப்பியது. ஒரு மடத்தைத் தொல்லை செய்யக் கூடாது, காக்க வேண்டும் என்று தன் அதிகாரிகளுக்கு இட்ட கட்டளை. தோலில் எழுதும் வழக்கம் இருந்த காலத்தில் அது காகிதத்தில் எழுதப்பட்டது. ஐரோப்பாவில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய காகித ஆவணங்களில் ஒன்று. மேலே கிரேக்கம், கீழே அரபு. இதை நம் கோயில் சுவர்களில் அரசியரும் வணிகர் மனைவியரும் கோயிற்பெண்டிரும் விட்ட கொடைகளைச் சொல்லும் கல்வெட்டுகளோடு வைத்துப் பார்க்கிறேன். இரண்டுமே பெண்களின் எழுத்து என்பது என் கட்சி.

ஜெசிந்தா மீனை வடிகட்டியில் போட்டார்.

"ஒண்டு கேக்கட்டோ? அந்த அம்மா கிரேக்கமும் அரபும் படிச்சவவோ?"

"அநேகமா இல்லை. அவங்க வடக்கிலிருந்து வந்தவங்க. எழுதினது எழுத்தர்கள்."

"அப்ப எப்பிடி அவ எழுதினது எண்டு சொல்லுறியள்?"

சுருக்கென்றது. கருத்தரங்கை நடத்தும் பேராசிரியை லூச்சியா என் சுருக்கவுரையைப் படித்துவிட்டு இதையேதான் கேட்டு எழுதியிருந்தார்: கல்லைக் கொத்தியவரும் காகிதத்தில் எழுதியவரும் ஆண்கள், இதைப் பெண்ணின் எழுத்து என்று எப்படிச் சொல்வீர்கள்? இரண்டு மாதமாக அதற்கு என்னிடம் பதில் இல்லை. நாலு பெரிய சொற்களைப் போட்டு அந்த இடத்தை மெழுகி வைத்திருந்தேன்.

ஜெசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"நான் இஞ்சை வந்த புதுசிலை பெர்மெஸ்ஸோவுக்கு எழுதிக் குடுக்க வேணும். இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி. எனக்கு இத்தாலியன் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது, ஆனா கதைச்சா கொஞ்சம் விளங்கும். காசுக்கு எழுதிக் குடுக்கிற ஒரு மனிசன் இருந்தான். அவன் தன்ரை பாட்டுக்கு எழுதிப்போட்டு, கையெழுத்து வை எண்டான். நான் சொன்னன், திருப்பி வாசி எண்டு. வாசிச்சான். 'கணவனோட வந்தவ' எண்டு கிடக்குது! நான் தனிய வந்தனான் அக்கா. அவர் மூண்டு வருஷம் கழிச்சு என்ரை பேப்பரிலைதான் வந்தவர். அழி எண்டன். முறைச்சான். நான் கதிரையை விட்டு எழும்பேல்லை. அழிச்சு எழுதினான். திரும்பவும் வாசி எண்டன். பேந்து அதைக் கொண்டுபோய்க் கோயிலிலை ஒரு சிஸ்டரிட்டையும் குடுத்து வாசிக்கச் சொன்னன். அவவும் அதையே வாசிச்சா. அதுக்குப் பிறகுதான் கையெழுத்து வைச்சனான்."

கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இப்ப சொல்லுங்கோ. அது அவன்ரை கடிதமோ, என்ரை கடிதமோ?"

"உங்களுடையதுதான்."

"எழுதத் தெரிஞ்சவன் எழுதுவான், அது அவன்ரை தொழில். திருப்பி வாசி எண்டு சொல்லி, பிழை எண்டா அழிக்க வைக்கிறவதான் எழுதினவ. உங்கடை அந்த அம்மா ஏன் ரெண்டு பாசையிலை எழுதுவிச்சவ? ஒருத்தன் எழுதினதை மற்றவன்ட்டைக் குடுத்து வாசிக்கச் சொல்லி ஒத்துப் பாத்திருப்பா. கெட்டிக்காரி."

சொல்லிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பற்றவைத்தார்.

சிசிலியில் கிரேக்கம் அறிந்த அதிகாரிகளும் அரபு அறிந்த அதிகாரிகளும் இருந்தார்கள், அதனால் இரண்டு மொழி என்றுதான் நான் படித்த நூல்களில் இருந்தது. இரண்டு எழுத்தர்களை ஒருவருக்கு ஒருவர் சாட்சியாக்கும் தந்திரமாக அதை யாரும் பார்த்து நான் படித்ததில்லை. நிரூபிக்க முடியாதுதான். ஆனாலும் பெண்ணின் எழுத்து என்றால் என்ன என்ற என் கேள்விக்கு அந்தக் குசினியில் விடை கிடைத்துவிட்டது. சொதியும் மீன்குழம்பும் கொதித்து இறங்குவதற்குள் கடைசி இரண்டு பக்கங்களைத் திருத்தி எழுதி முடித்தேன். எழுதும்போது ஜெசிந்தாவின் பெயரை எங்கே போடுவது என்று ஒரு கணம் யோசித்தது உண்மை. பேசும்போது வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

வியாழக்கிழமை, காலை பத்து மணி. ஜெசிந்தா என் பேச்சைக் கேட்பதற்காகச் சிஞ்ஞோராவின் மகளிடம் சொல்லி அரை நாள் விடுப்பு எடுத்திருந்தார். தேன் நிறப் பட்டுச் சேலை, மகளின் கல்யாணத்துக்கு வாங்கியதாம். துறைமுகச் சாலை வழியாகக் கால்சாவுக்கு இரண்டு கிலோமீட்டர் நடந்தோம். கட்டப்பட்டிருந்த பெரிய கப்பல்கள், அவற்றுக்குப் பின்னால் பெல்லெக்ரீனோ மலை. ஞாயிறுகளில் சைவர், கத்தோலிக்கர் என்றில்லாமல் நம் ஆட்கள் அந்த மலையிலுள்ள புனிதையின் குகைக்கு நடந்தே ஏறுவார்கள் என்றார். வழியில் ஓர் அரஞ்சினா வாங்கிக் கொடுத்தார். சோற்றுக்குள் இறைச்சி வைத்துப் பொரித்த உருண்டை, இரண்டரை யூரோ. பாதிக்கு மேல் என்னால் சாப்பிட முடியவில்லை.

கருத்தரங்கு நடந்தது ஒரு பழைய மாளிகையில். சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு, கூரையில் பழைய ஓவியம். அதை ஒட்டிய வீட்டிலோ ஜன்னல் கண்ணாடிக்குப் பதில் பிளாஸ்டிக் தாள் அடித்திருந்தது. உள்ளே சுமார் அறுபது பேர். ஆங்கிலப் பேச்சை இத்தாலியனில் கேட்கக் காதுக்கருவி கொடுத்தார்கள். ஜெசிந்தா ஒன்றை வாங்கிப் பொருத்திக்கொண்டு மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார்.

பேச்சு நன்றாகவே போனது. திருத்திய பகுதிக்கு வந்தேன். "அப்படியானால் எழுதியவர் யார்?" என்று கேட்டு நிறுத்தினேன். "பேனா பிடித்தவர் அல்ல. திருப்பி வாசிக்கச் சொல்லும் அதிகாரமும், பிழை என்றால் அழிக்கச் சொல்லும் துணிவும் யாரிடம் இருந்ததோ அவரே எழுதியவர் என்று எனக்குத் தோன்றுகிறது." இரண்டு மொழி, இரண்டு எழுத்தர் என்ற விஷயத்தையும் சொன்னேன். அவையில் ஒரு சலசலப்பு. பலர் குனிந்து குறித்துக்கொண்டார்கள்.

மொழிபெயர்ப்பு காதுக்கருவிக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று விநாடி ஆகும். நான் மூன்றாம் வரிசையைப் பார்த்தேன். ஜெசிந்தாவின் முகம் மலர்ந்தது. சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்து தன் பெயர் வரும் என்று காத்திருந்தார்.

நான் பக்கத்தைத் திருப்பினேன்.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். "எனக்குத் தோன்றுகிறது" என்று சொன்னதும் அத்தனை தலைகள் குனிந்து எழுதிய அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு இனிப்பாக இருந்தது. அதை யாருக்கும் பங்கு கொடுக்க மனம் வரவில்லை.

பேச்சு முடிந்து காபி. லூச்சியா நேராக என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். என் கேள்விக்கு இதைவிட அழகான பதில் இருக்க முடியாது, எங்கிருந்து பிடித்தீர்கள் என்றார். அந்த நேரம் பார்த்து ஜெசிந்தா எனக்காக ஒரு கோப்பை காபியோடு வந்து பக்கத்தில் நின்றார். லூச்சியா அவரைப் பார்த்துப் புன்னகைத்து, "உங்கள் சக ஆசிரியரா?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்.

ஜெசிந்தாவுக்கு இத்தாலியன் தண்ணீர் பட்ட பாடு. இரண்டு பேரும் பேசத் தொடங்கினால் பெர்மெஸ்ஸோ கதை ஐந்து நிமிடத்தில் வெளியே வந்துவிடும். அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை.

"இல்லை, நான் தங்கியிருக்கும் வீட்டில் வேலை செய்பவர்" என்றேன். "துணைக்கு வந்திருக்கிறார். இதெல்லாம் அவருக்கு அவ்வளவாகப் புரியாது."

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். மன்னாரில் பத்தாம் வகுப்புவரை படித்தவருக்கு அந்த ஆங்கிலம் விளங்கும் என்றுகூட நான் நினைக்கவில்லை. லூச்சியா அவர் பக்கம் திரும்பி இத்தாலியனில் ஏதோ கேட்டார். பேராசிரியருக்காக வேலை செய்கிறீர்களா என்பது கேள்வி என்று எனக்கே புரிந்தது.

ஜெசிந்தா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. ஒரு பொருளைக் கீழே வைக்கலாமா, வைத்தால் உடையுமா என்று பார்ப்பதுபோல் பார்த்தார். பிறகு லூச்சியாவிடம், "சி, சிஞ்ஞோரா" என்றார். ஆமாம் என்று அர்த்தம்.

லூச்சியா நல்லவர். என் தோளில் தொங்கிய பையில் அன்று கொடுத்த புத்தகங்கள் நிறைந்திருந்தன. அதை என் தோளிலிருந்து மெல்லக் கழற்றி ஜெசிந்தாவின் கையில் கொடுத்தார். உங்கள் பேராசிரியர் களைத்திருப்பார் என்றார். அதன் பிறகு அவர் கண்ணுக்கு ஜெசிந்தா தெரியவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்த கால் மணி நேரமும் பட்டுச் சேலையில் பையைச் சுமந்துகொண்டு ஜெசிந்தா என் பின்னால் நின்றார். நான் திரும்பி அதை வாங்கவில்லை.

தெருவுக்கு வந்த பிறகு கேட்டேன். "குடுங்க, நான் தூக்கிக்கறேன்."

"பறவாயில்லை."

கடற்கரை முனையில் மறுபடி கேட்டேன். "பறவாயில்லை" என்றார். இரண்டு கிலோமீட்டரும் அவர்தான் சுமந்தார். மூன்று மாடி ஏறி, பையை என் அறை வாசலில் வைத்தார். பிறகு சேலை மாற்றிக்கொண்டு, மாலை வேலைக்காக வந்த வழியே கால்சாவுக்குத் திரும்பிப் போனார்.

வெள்ளிக்கிழமை, காலை ஏழரை. குசினியில் இடியப்பமும் சம்பலும் மூடி வைத்திருந்தது. ஜெசிந்தா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"தேத்தண்ணி போடட்டோ, சிஞ்ஞோரா?"

முகத்தில் கேலி இல்லை. குரலில் குத்தல் இல்லை. வேலை செய்கிற வீட்டில் கேட்பதுபோல அப்படியே கேட்டார். முந்தின நாள்வரை வாய்க்கு வாய் அக்கா என்றவர். ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

பத்து மணிக்கு ஆவணக் காப்பகம். கருத்தரங்கினர் எட்டு பேருக்குக் கடிதத்தைக் காட்ட அனுமதி வாங்கியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு விருந்தினரை அழைத்து வரலாம் என்றும் சொல்லியிருந்தார்கள். என் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது.

கடிதம் நான் நினைத்ததைவிடச் சின்னது. பழுப்பேறிய ஒரு தாள். ஓரங்கள் உதிர்ந்து, சில இடங்களில் எழுத்தே போய்விட்டது. மேலே நெருக்கமான கிரேக்க வரிகள், கீழே வலமிருந்து ஓடும் அரபு. காப்பக அலுவலர் தணிந்த குரலில் விளக்கினார். மடத்துத் துறவிகளை யாரும் துன்புறுத்தக் கூடாது என்கிறாள் அந்தச் சீமாட்டி. படை அவளிடம் இருந்தது. அவள் முத்திரையைத் தொட்டு வணங்க ஆட்கள் இருந்தார்கள். ஆனால் தாளிலுள்ள இரண்டு மொழி எழுத்தில் ஒன்றுகூட அவள் கையால் எழுதியது என்று சொல்ல முடியாது. லூச்சியா என் காதருகே குனிந்து, "நேற்று நீங்கள் சொன்னதற்குப் பிறகு இந்த இரண்டு மொழியையும் என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை" என்றார்.

எத்தனையோ பெண்களின் பெயர் எப்படித் தாளிலிருந்து விழுந்துபோயிற்று என்று வகுப்பில் பல வருடம் முழங்கியிருக்கிறேன். பொல்லாத ஆண்கள் யாரோ வேண்டுமென்றே அழித்ததாகத்தான் என் மனதில் ஒரு படம் இருந்தது. அந்தத் தாளின் முன்னால் நின்றபோது அது அப்படி நடந்திருக்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. கைதட்டலுக்கு ஆசைப்பட்ட ஒருத்தி பக்கத்தைத் திருப்பினாலே போதும். அவள் பெண்கள் கல்லூரி ஆசிரியையாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டரை மணிக்கு வெளியே வந்தேன். காப்பகத்திலிருந்து மரீனா சதுக்கம் இரண்டு நிமிட நடை. அங்கே நம் ஆலமரம்போல விழுது விட்ட ஒரு மாபெரும் அத்தி மரம், அதன் கீழே இரும்பு பெஞ்சுகள். நல்ல வெயில் நாட்களில் சிஞ்ஞோராவை மதியம் அங்கே தள்ளிக்கொண்டு வருவேன் என்று ஜெசிந்தா புதன்கிழமையே சொல்லியிருந்தார். இருந்தார். சக்கர நாற்காலியில் எலும்பும் தோலுமாக ஒரு மூதாட்டி, மடியில் கம்பளி. ஜெசிந்தா ஆரஞ்சுச் சுளையை உரித்து அவர் வாயில் வைத்துக்கொண்டிருந்தார்.

மூதாட்டி என்னைச் சுட்டி யார் என்று கேட்டார். ஜெசிந்தா இத்தாலியனில் சொன்ன பதில் எனக்கு விளங்கவில்லை. என் முகத்தைப் பார்த்துத் தமிழிலும் சொன்னார்:

"என்ரை வீட்டிலை தங்கி நிக்கிற ஒராள் எண்டு சொன்னனான். அது உண்மைதானே?"

பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தேன்.

"ஜெசிந்தா, நான் பண்ணினது பெரிய தப்பு. உங்க யோசனையை என்னுடையதுன்னு சொன்னேன். அதை மறைக்கத்தான் உங்களை வேலைக்காரின்னு சொன்னேன். என்னை மன்னிச்சிடுங்க."

அவர் இன்னொரு சுளையின் விதையை எடுத்தார்.

"வேலைக்காரி எண்டது பொய்யில்லை. இஞ்சை நான் வேலைதானே செய்யிறன். அதிலை எனக்கு வெக்கம் இல்லை."

"அப்புறம் ஏன் அவங்ககிட்ட ஆமான்னு சொன்னீங்க?"

"அத்தினை பேருக்கு முன்னாலை உங்களைப் பொய்க்காரி ஆக்கச் சொல்லுறியளோ? என்ரை வீட்டுக்கு வந்த ஆள் நீங்கள்." முதல்முறையாகக் குரல் நடுங்கியது. "ஆனா ஒண்டு சொல்லுறன். அந்தப் பேப்பர் விசயம் நான் ஆருக்கும் சொல்லுறேல்லை. அந்த மனிசன் முறைச்சதும், நான் பயந்து பயந்து கதிரையிலை இருந்ததும் என்ரை மகளுக்கும் தெரியாது. நீங்கள் படிச்சவ, விளங்கும் எண்டு சொன்னனான். காதுக்குள்ளை என்ரை கதை இத்தாலியனிலை வருது. ஆர் சொன்னது எண்டு ஒரு பேரும் இல்லை. எனக்கு அது களவு போனமாதிரி இருந்தது."

நான் அழுதேன். மூதாட்டி பதறிப்போய்த் தன் கைக்குட்டையை நீட்டினார். ஜெசிந்தா அதை வாங்கி என்னிடம் கொடுத்தார்.

"என்னட்டை அழுது காரியம் இல்லை. நாளைக்கும் கூட்டம் இருக்கெல்லோ? கை தட்டின ஆக்களுக்குச் சொல்லுங்கோ."

சனிக்கிழமை, மாலை நான்கு. நிறைவு அமர்வு. காலையில் முதல் அமர்விலேயே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். அப்போது அவை நிறைந்திருந்தது. மதியம், மதியம் என்று தள்ளினேன். மதியத்துக்குப் பிறகு பலர் பெட்டியோடு கிளம்பிவிட்டார்கள். சிலர் மொன்ரியாலே தேவாலயம் பார்க்கப் போய்விட்டார்கள். லூச்சியா நன்றி சொல்லத் தொடங்கியபோதுதான் கை தூக்கினேன். அவையில் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள்.

ஒலிவாங்கியைப் பிடித்துச் சொன்னேன். வியாழனன்று நான் சொன்ன கருத்து என்னுடையது அல்ல. போர்கோ வெக்கியோவில் வசிக்கும் ஜெசிந்தாவுடையது. தன் அனுமதிப் பத்திரத்தைத் திருப்பி வாசிக்க வைத்த அனுபவத்திலிருந்து அவர் எனக்குச் சொன்னது. அவர் எனக்கு வேலை செய்பவர் அல்ல. நான் அவர் வீட்டு விருந்தாளி. அவரைப் பற்றிக் கேட்டபோது பொய் சொன்னேன்.

மொழிபெயர்ப்பாளர் நடுவில் ஓரிடத்தில் நிறுத்தி, சரியாகத்தான் கேட்டோமா என்பதுபோல என்னைப் பார்த்தார். நான் தலையசைத்த பிறகு தொடர்ந்தார். யாரும் கைதட்டவில்லை. ஒருவர் இருமினார். லூச்சியாவின் முகம் சிவந்திருந்தது. என்னை நிமிர்ந்து பார்க்காமலே, "சொன்னதற்கு நன்றி" என்று முடித்தார். வாசலில் மட்டும் என் முழங்கையைத் தொட்டு, "அந்தப் பையை நான்தான் அவர் கையில் கொடுத்தேன்" என்றார்.

ஆறு மணிக்கு வீடு. ஜெசிந்தா துணி மடித்துக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டேன் என்றேன். கையிலிருந்த துவாயை மடித்து வைத்துவிட்டுக் கேட்டார்.

"எத்தினை பேர் இருந்தவை?"

"பதினைஞ்சு பேர் இருக்கும்."

"அண்டைக்கு?"

"அறுபது."

"அப்ப நாப்பத்தஞ்சு பேர் அது உங்கடை கதை எண்டுதான் வீட்டை கொண்டு போகினம்."

சண்டை போடுகிற குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. மீன்கடையில் மிச்சம் கேட்கிற குரல். நான் தலை குனிந்தேன். கட்டுரை அச்சாகும்போது இரண்டு பெயரும் போடுவதாகச் சொன்னேன். உங்கள் பெயரைப் போட உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டேன்.

"போடுங்கோ. முழுப்பேரையும் போடுங்கோ. அச்சடிக்க முந்தி எனக்கு அனுப்புங்கோ, பாத்துச் சொல்லுறன்." துவாய்களை அடுக்கிக்கொண்டு எழுந்தார். "சாப்பிட வாங்கோ. புட்டு ஆறுது."

இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். மகளைப் பற்றிக் கேட்டேன், சொன்னார். என் கல்லூரியைப் பற்றிக் கேட்டார், சொன்னேன். புதன்கிழமை மாலை அந்த மேசையில் இருந்தது திரும்பி வரவில்லை. அதைக் கேட்க எனக்கு வாயும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை. ஜெசிந்தா பூசைக்குப் போகிற வழியில் பொலிதியாமா நிறுத்தம்வரை வந்தார். பெட்டியை நானே தூக்கி வந்தேன். பேருந்து கிளம்பும்போது கை காட்டினார். அவ்வளவுதான்.

விமான நிலையத்தில் வாயிற்கதவு திறக்கக் காத்திருந்த வரிசையில், எனக்கு முன்னால் தெரிந்த முகம். லிஸ்பனிலிருந்து வந்திருந்த ஆய்வாளர். வியாழனன்று முன்வரிசையில் உட்கார்ந்து விறுவிறுவென்று குறிப்பெடுத்தவர். சனிக்கிழமை மொன்ரியாலே போயிருந்தாராம். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"உங்கள் கருத்தை என் மாணவர்களுக்குச் சொல்லப் போகிறேன். எழுதியவள் யார் என்பதற்கு இவ்வளவு எளிய விளக்கம்!"

"அது என்னுடையது அல்ல" என்றேன். "ஜெசிந்தா என்பவருடையது. அவரிடமிருந்து எடுத்து என் பெயரில் சொல்லிவிட்டேன்."

அவர் உடனே கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தார். பெயரை எழுத்தெழுத்தாகக் கேட்டு எழுதினார்.

"எந்தப் பல்கலைக்கழகம்?"

இந்த ஒரு கேள்விக்கு முன்னால் என் நாக்கு மறுபடியும் தடுமாறியது என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். ஆய்வாளர், சுயாதீனமாக இயங்குபவர் என்று ஏதாவது சொல்லித் தப்பிக்கலாமே என்று ஓடியது மனம். ஜெசிந்தா தன் தொழிலுக்கு வெட்கப்படவில்லை. அவருக்காக வெட்கப்படுகிற வேலையை நான்தான் இன்னும் விடாமல் செய்துகொண்டிருந்தேன்.

"பல்கலைக்கழகம் இல்லை. கால்சாவில் ஒரு மூதாட்டியைப் பார்த்துக்கொள்கிறார்."

பேனா நின்றது. அவர் நாகரிகமாகப் புன்னகைத்தார். "சுவாரசியமாக இருக்கிறது" என்று சொல்லிக் குறிப்பேட்டை மூடினார். முன்னால் இருந்த அந்தச் சந்தோஷம் முகத்தில் இல்லை.

அந்தப் புன்னகையை எனக்குத் தெரியும். அதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. கதவு இன்னும் திறக்கவில்லை. "உட்கார்ந்து பேசலாமா? கொஞ்சம் நேரம் இருக்கிறது" என்றேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் தோள்பையை ஓரமாக வைத்துவிட்டு, ஜெசிந்தாவுக்கு அந்த மனிதன் காசுக்கு எழுதிக் கொடுத்த முதல் தாளில் என்ன இருந்தது என்பதிலிருந்து தொடங்கினேன்.